வால்பாறைக்கு வண்டி எடுக்கும் முன்

அம்மிணிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதில் இருந்து என் மனசு ஒரு நிலையில் இல்லை. மே மாதம் ஐதராபாத்தில் இருந்து உன் காரிலேயே தாராபுரம் வருவதாகவும், இங்கே இரண்டு நாள் இருந்துவிட்டுப் பிள்ளைகளை வால்பாறைக்குக் கூட்டிப் போவதாகவும் சொன்னாய். அது வரைக்கும் சந்தோஷம்தான். அப்புறம் சொன்னாயே, "அப்பா, அன்னிக்கு எங்களுக்காக வரையாடு பார்க்க ஒரு மணி நேரம் வண்டிய நிறுத்துனீங்கல்ல, அதே மாதிரி நானும் நிறுத்தப் போறேன்" என்று, அதைக் கேட்டதும் எனக்குப் பேச்சே வரவில்லை. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நீ கவனித்திருப்பாய்.

வரையாடு பார்க்க நான் வண்டியை நிறுத்தவில்லை கண்ணு. பிரேக் போய், எப்படியோ வண்டி நின்ற இடம் அது.

இதை இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஊருக்கு வந்த அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் சுற்றுலா பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நீ அந்த ஆட்டைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதி, 'எங்கள் அப்பா அவசரப்படவே மாட்டார்' என்று முடித்திருந்தாய். அந்த நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. அதைப் படித்த பிறகு எப்படிச் சொல்வது? ஆனால் வால்பாறை மலைப் பாதையின் அதே 40 வளைவில் நீ என் பேரப் பிள்ளைகளை உட்காரவைத்து ஓட்டப் போகிறாய் என்றால் இனியும் மறைக்க முடியாது. அன்றைக்கு நடந்ததை முதலில் இருந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

1997 மே. உனக்கு எட்டு வயது, தம்பிக்கு நாலு. கார் வாங்கி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது, பழைய வண்டி. கிளம்பும் முந்தின வாரம் நம்ம ஊர் மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "ரேடியேட்டர் ஓஸ் பைப்பு வெடிப்பு விட்டிருக்குதுங்க, பிரேக் ஆயிலும் கறுத்துப்போச்சு, மலைக்குப் போறதுன்னா ரெண்டையும் மாத்திட்டுப் போங்க" என்றார். ஸ்கூல் திறந்தால் உங்கள் இரண்டு பேருக்கும் ஃபீஸ் கட்ட வேண்டும், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த வாரம் அந்தப் பணம் கையில் இல்லாமல் இல்லை. இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வலிக்கிறது.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பியிருக்க வேண்டியது, அம்மிச்சி புளிசாதம் கட்டிக் கொடுத்து முடிக்க எட்டாகிவிட்டது. உடுமலை தாண்டி, பொள்ளாச்சி ரோட்டில் புளிய மரங்களுக்கு நடுவில் போகும்போது இடது பக்கம் ஆனைமலை முழுக்கத் தெரிந்தது. நீ ஜன்னலில் தலையை வைத்துக்கொண்டு, "அந்த மலை மேலயாப்பா போறோம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். ஆழியாறு அணையில் இறங்கி விளையாடினீர்கள். குரங்கு அருவியில் குளித்தோம், இப்போது அதற்குக் கவியருவி என்று பேர். ஒவ்வொரு இடத்திலும் இன்னும் கொஞ்ச நேரம் என்று நீங்கள் கேட்க, உச்சி வெயிலில்தான் முதல் வளைவில் ஏறினேன்.

பன்னிரண்டாவது வளைவில் நீ வாந்தி எடுத்தாய், பதினாலில் தம்பி. அம்மா இரண்டு பேர் முகத்தையும் கழுவி, எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள், அப்படியே தூங்கிவிட்டீர்கள். அதனால்தான் இருபத்தேழாவது வளைவு உனக்கு ஞாபகமே இல்லை. இன்ஜின் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டதை நான் பார்த்தேன், அந்த வளைவு ஏறிவிட்டால் நிறுத்த இடம் இருக்கும் என்று ஓட்டினேன். நிறுத்தும்போது பானெட் இடுக்கெல்லாம் புகை மாதிரி ஆவி. நான் பதட்டத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினேன், அரைச் சுற்றுகூட வரவில்லை, கொதிக்கிற தண்ணீர் பீறிட்டு இடது மணிக்கட்டில் அடித்தது. காலேஜ் படிக்கும்போது நீ ஒரு தடவை என் கையைப் பிடித்து இது என்ன தழும்பு என்று கேட்டாய், கஞ்சி வடிக்கும்போது கொட்டிவிட்டது என்றேன். அந்தத் தழும்பு இதுதான். குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் அம்மா என் கை மேல் ஊற்றினாள். கத்தினால் நீங்கள் எழுந்துவிடுவீர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மேலே இருந்து தேயிலைத் தூள் மூட்டை ஏற்றி வந்த லாரி ஒன்று நின்றது. டிரைவருக்கு ஐம்பது வயசு இருக்கும். என் கையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. வண்டியை முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, கிளீனர் பையனை விட்டு சீட்டுக்கு அடியில் கிடந்த பழைய சைக்கிள் டியூபை எடுத்து வரச் சொல்லி, அதை விரல் அகலத்துக்கு நாடா நாடாகக் கீறி, ஓஸில் வெடிப்பு விட்ட இடத்தை இழுத்து இழுத்துச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டை விரலால் ஒரு தரம் அழுத்திப் பார்த்துக்கொள்வார். கடைசி முனையைக் கம்பி போட்டு முறுக்கினார். லாரியில் இருந்த கேன் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பார்த்தார், ஒரு சொட்டு ஒழுகவில்லை. பணம் நீட்டினேன், வாங்கவில்லை. காலையில் இருந்து சாப்பிடவில்லை என்று கிளீனர் பையன் சொன்னதால் அம்மா புளிசாதப் பொட்டலம் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டாள். கிளம்பும்போது அவர் ஒன்று சொன்னார்: "சார், எந்த கியர்ல ஏறுறீங்களோ அதே கியர்லதான் இறங்கணும். பிரேக்கை நம்பி இறங்காதீங்க." நான் தலையாட்டினேன்.

மேலே போனால் சீசன், எந்த லாட்ஜிலும் ரூம் இல்லை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சாப்பாடும் கையில் இல்லை. டீக்கடைக்காரர் ஒருவர் தன் அக்கா வீட்டுக்கு அனுப்பிவைத்தார், எஸ்டேட் லைன் வீடு, ஒரே அறை, கொழுந்து பறிக்கிற அம்மா. உனக்கு அந்த வீடு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அடுப்பு பக்கத்தில் படுத்ததும், உன் கெண்டைக்காலில் அட்டை ஏறி, அந்த அம்மா உப்பை வைத்ததும் அது சுருண்டு விழுந்ததும் நீயே சொல்லுவாய். ராத்திரி வாழைத் தோட்டம் பக்கம் யானை வந்து போனதை மட்டும் உனக்குச் சொல்லவில்லை. இப்போது அங்கே யானை நடமாட்டம் இருந்தால் சிவப்பு விளக்கு எரிய வைத்திருக்கிறார்கள், போனிலும் தகவல் வருகிறது. அன்றைக்கு அந்த அம்மா காதை வைத்தே தெரிந்துகொண்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் மத்தியானம் இறங்கினோம். வானம் வெளுத்து, தேயிலை எல்லாம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது, நீங்கள் இரண்டு பேரும் நாற்பது, முப்பத்தொன்பது என்று வளைவு போர்டை எண்ணிக்கொண்டே வந்தீர்கள். லாரிக்காரர் சொன்னது காதில் இருக்கத்தான் செய்தது. ஆனால் இறக்கத்தில் டாப் கியரில் போட்டு உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்று எனக்கு ஒரு பழக்கம் ஒட்டியிருந்தது, எங்கள் ஆபீஸில் வண்டி வைத்திருந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். டாப் கியரில் விட்டுக் காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினேன். இருபதாவது வளைவுக்குக் கீழே கருகல் வாடை வந்தது. அம்மா, "என்னங்க வாடை?" என்றாள். எதிரே போன லாரி என்றேன். அதுவும் பொய்.

பதினொன்றாவது வளைவு திரும்பியதும் பிரேக்கை மிதித்தேன், பெடல் பாதத்தோடு தரைக்குப் போய்விட்டது. பஞ்சு மேல் கால் வைத்த மாதிரி இருந்தது கண்ணு, அந்த உணர்ச்சியை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை, சில சமயம் தூக்கத்தில் கால் அப்படியே இறங்கிப்போய் விழித்துக்கொள்கிறேன். விட்டுவிட்டு மிதித்தேன், இரண்டாவது தடவையும் இல்லை, மூன்றாவது தடவை கொஞ்சம் கிடைத்தது. மூன்றாம் கியருக்கு வந்து, அங்கிருந்து கரகரவென்று சத்தத்தோடு இரண்டுக்குத் தள்ளினேன், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி வேகம் குறைந்தது. ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். அது கம்பியில் இழுப்பது, ஆயிலில் வேலை செய்வதில்லை, அதனால் அது பிடித்தது. அப்படியும் நிற்காமல் இடது சக்கரம் இரண்டையும் மலைப் பக்கத்துச் சாக்கடையில் இறக்கி, உரசிக்கொண்டே போய், ஒன்பதாம் வளைவில் வியூ பாயின்ட் இருக்கிற அகலமான இடத்தில் வண்டி நின்றது. வலது பக்கம் சுவர். சுவருக்குக் கீழே ஆழியாறு அணைத் தண்ணீர் தட்டு மாதிரி கிடந்தது.

நான் ஸ்டியரிங்கை விடவில்லை. விட்டால் கை ஆடுவதை நீங்கள் பார்த்துவிடுவீர்கள். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கதவைத் திறந்து இறங்கினாள், ரோட்டோரம் கிடந்த கல் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி வந்து பின் சக்கரத்துக்கு முன்னால் வைத்தாள், காலால் ஒரு உதை உதைத்து இறுக்கினாள். அப்புறம் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உன் பக்கத்துக் கதவைத் திறந்து, "அங்க பாரு, ஆடு" என்றாள்.

நிஜமாகவே ஆடு நின்றது. சுவர் மேல் ஒன்று, கொம்பு பின்னால் வளைந்து, பக்கத்தில் குட்டி. கீழே செங்குத்துப் பாறையில் இன்னும் நாலைந்து, விழாமல் எப்படி நிற்கிறது என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். தம்பி பிஸ்கட்டை நீட்டப் போனான், அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். நீ சுவரில் இருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்து, அந்தக் குட்டி புல்லைக் கடிப்பதை மூச்சு விடாமல் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "கிளம்பலாமாப்பா?" என்று நீயாகக் கேட்டபோது, "இரு சாமி, அவசரம் இல்ல, நல்லாப் பாரு" என்றேன். அதைத்தான் நீ கட்டுரையில் எழுதினாய்.

ஒன்றே கால் மணி நேரம் கழித்துப் பெடல் திரும்பி வந்தது. மிச்சம் எட்டு வளைவையும் முதல் கியரில், நடக்கிற வேகத்தில் இறக்கினேன். பொள்ளாச்சியில் ஒர்க்‌ஷாப்பில் பிரேக் ஆயிலைத் திறந்து விட்டார்கள், காபி டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. அந்த ஆயில் நாளாக நாளாக ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாம். ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் சீக்கிரம் கொதித்துவிடும், உள்ளே ஆவிக் குமிழ் வந்துவிட்டால் பெடலை எவ்வளவு மிதித்தாலும் குமிழ்தான் நசுங்கும், சக்கரத்துக்கு ஒன்றும் போகாது. ஆறினால் குமிழ் அடங்கி மறுபடி பிடிக்கும். பொள்ளாச்சி மெக்கானிக் சொல்லித்தான் எனக்கே இது தெரியும். ஊர் மெக்கானிக் சொன்னபோது மாற்றியிருந்தாலும் போதும், லாரிக்காரர் சொன்ன கியரில் இறங்கியிருந்தாலும் போதும். இரண்டு பேர் சொல்லியும் நான் கேட்கவில்லை, என் பிள்ளைகள் பின் சீட்டில் வளைவு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

உன் வண்டி ஆட்டோமேட்டிக் என்றாய். அதிலும் இறக்கத்தில் டி-யிலேயே விட்டுவிடாதே. எல் என்று இருந்தால் அதில் போடு, எம் என்று இருந்தால் அதில் போட்டு இரண்டாம் கியரில் நிறுத்திக்கொள், மாப்பிள்ளையையும் ஊரிலேயே ஒரு பாலத்து இறக்கத்தில் பழகிப் பார்க்கச் சொல். பிரேக்கை அழுத்தினால் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு முழுதாக விட்டுவிடு, காலை மேலேயே வைத்திருக்காதே. ஏறி வருகிற வண்டிக்குத்தான் வழி, நீ இறங்குகிறாய் என்றால் நின்று விடு. கருகல் வாடை வந்தால் அப்போதே ஓரம் கட்டு, யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள், நான் முன் சீட்டில்தான் இருப்பேன். அம்மாவும் வருகிறாள். இந்தக் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். கல் வைத்தது வரைக்கும் எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது, அன்றைக்கு ஏன் ஒன்றுமே கேட்கவில்லை என்றேன், "உங்க முகத்தப் பார்த்தாலே தெரிஞ்சுதே" என்றாள்.

ஒன்பதாம் வளைவில் கண்டிப்பாக நிறுத்துவோம். ஆடு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, பிள்ளைகள் கிளம்பலாம் என்று சொல்லும் வரைக்கும் இருப்போம்.

உன் வண்டிக்கு பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று சர்வீஸ் புத்தகத்தில் பார். இரண்டு வருஷம் ஆகியிருந்தால் கிளம்பும் முன் மாற்றிவிடு. பார்த்ததும் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பு.

அப்பா