சோறு வேகும் அளவுக்குச் சொல்லிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் இதழின் சிறுவர் பகுதியில், பீட்சா டப்பாவில் சூரிய அடுப்பு செய்யும் முறை வந்திருந்தது. தூக்கிப் போடும் பொருளில் அடுப்பு செய்யலாம் என்று பிள்ளைகளுக்குச் சொன்னதற்கு நன்றி. ஆனால் அந்த டப்பாவில் சாக்லேட் உருகும், அரிசி வேகாது. அமெரிக்கப் பள்ளிகளில் பிஸ்கட் மேல் சாக்லேட்டும் மிட்டாயும் வைத்து உருக்கிக் காட்டுவார்களே, அதற்கான மாதிரி அது. நம் வீட்டுப் பிள்ளை ஒரு டம்ளர் அரிசியைக் களைந்து அதில் வைத்துவிட்டு, சாயங்காலம் திறந்து பார்த்தால் ஊறிய அரிசிதான் இருக்கும். வெயிலில் சமைக்க முடியாது என்ற முடிவுக்கு அன்றே வந்துவிடும். எனக்கு வருத்தம் அதுதான்.

காரணம் அளவு. நல்ல உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,000 வாட் விழுகிறது. ஓரடிக்கு ஓரடி டப்பாவுக்குள் போவது 90 வாட். அதிலும் பெரும்பகுதி மெல்லிய அட்டை வழியாகவும் மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாள் வழியாகவும் வெளியேறிவிடும். இரண்டடிக்கு இரண்டடி என்றால் 370 வாட். அதில் மூன்றில் ஒரு பங்கு பாத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலே ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு மணி நேரத்துக்குள் கொதிக்கும் சூட்டுக்கு வந்துவிடும். 2,000 வாட் இன்டக்‌ஷன் அடுப்புக்கு முன்னால் இது கொஞ்சம்தான். ஆனாலும் காலை பத்து மணிக்கு வைத்து ஒரு மணிக்குச் சாப்பிட அது போதும்.

இவ்வளவு பெரிய பெட்டிக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இரண்டு அட்டைப்பெட்டிகள் போதும். துருப்பிடித்த ட்ரங்க் பெட்டி இருந்தால் வெளிப்பெட்டிக்கு இன்னும் நல்லது. நடுவில் நான்கு விரல் இடைவெளி விட்டு, கசக்கிய செய்தித்தாள், கிழிந்த தலையணைப் பஞ்சு, தென்னை நார், நெல் உமி என்று எது கிடைக்கிறதோ அதை அடைக்கலாம். தெர்மாகோல் மட்டும் வேண்டாம். உள்ளே சூடு 100 டிகிரியைத் தாண்டும்போது அது இளகிச் சுருங்கிவிடும். உள்சுவர்களில் அலுமினியத் தாளையோ, சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக் கழுவி அதன் வெள்ளிப் பக்கத்தையோ ஒட்டலாம். அடியில் ஒரு பழைய தகரத்துக்குக் கரும்பலகை பெயின்ட் அடித்துப் போட வேண்டும். அப்புறம், வெறும் பெட்டியை இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிட்டு, பெயின்ட் வாடை முழுக்கப் போன பிறகே சமைக்க வேண்டும்.

மேலே மூடக் கண்ணாடிதான் சரி. வெளிச்சத்தை உள்ளே விட்டு, வெப்பம் வெளியேறாமல் அது பிடித்து வைக்கும். பிளாஸ்டிக் தாள் சூட்டில் தொய்ந்துவிடும். பழைய ஜன்னல் கண்ணாடியும் மேஜை மேல் போட்டிருந்த கண்ணாடியும் காயலான் கடையில் கிடைக்கும். விரல் பருமன் இடைவெளி விட்டு இரண்டு கண்ணாடி வைத்தால் சூடு நன்றாக நிற்கும். கண்ணாடிக்கும் பெட்டிக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினால் ஆவி தப்பாது. கண்ணாடி விளிம்பைத் தேய்த்து டேப் சுற்றுவது பெரியவர்கள் வேலை. இந்தக் கண்ணாடிக்கு மேலே, திறந்து நிமிர்த்தி வைக்கும்படி ஒரு மூடி வேண்டும். வெயிலைப் பெட்டிக்குள் திருப்பிவிட, அந்த மூடியின் உட்புறம் உடைந்த பீரோ கண்ணாடியைப் பொருத்தலாம். அதை நேராக உற்றுப் பார்க்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பாத்திரம் கறுப்பாக, மெல்லியதாக, மூடியோடு இருக்க வேண்டும். விறகடுப்பில் கரியேறிய அலுமினியப் பாத்திரத்தைத் தேய்க்காமல் அப்படியே வைத்தாலும் சரிதான்.

இன்னொன்றையும் யாராவது எழுத வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வரைபடங்கள் பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்காவை நினைத்து வரைந்தவை. அங்கே சூரியன் நேர் உச்சிக்கு வருவதில்லை, அதனால் பெட்டியைச் சாய்த்து வைக்கச் சொல்கிறார்கள். நமக்குச் சித்திரையிலும் ஆவணியிலும் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும். அந்த மாதங்களில் பெட்டியின் கண்ணாடி மட்டமாகக் கிடந்தாலே போதும், மூடியிலுள்ள பீரோ கண்ணாடி அவ்வளவாக உதவாது. மார்கழியில் சென்னையில் நண்பகல் சூரியன் 54 டிகிரி உயரத்தில், தெற்கே ஒதுங்கி நிற்கும். அப்போது மூடியை வடக்குப் பக்கம் நிமிர்த்தி, அதன் பீரோ கண்ணாடி தெற்கு பார்க்க வைத்தால் வித்தியாசம் கையால் தொட்டாலே தெரியும்.

சோறு, ஊற வைத்த பருப்பு, சுண்டல், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, முட்டை எல்லாம் நன்றாக வேகும். அடிப்பிடிக்காது, கிண்டவும் வேண்டாம். தோசைக்கும் தாளிப்புக்கும் கேஸ் அடுப்புதான். நடுவில் மேகம் கவிந்தால் அரைவேக்காட்டைப் பெட்டியிலேயே விட்டுவைக்காமல் உடனே அடுப்புக்கு மாற்ற வேண்டும். வெதுவெதுப்பில் கிடந்தால் கெட்டுப்போகும். குரங்கு வரும் ஊர் என்றால் கண்ணாடிச் சட்டத்தைக் கம்பி போட்டுக் கட்டுவது நல்லது.

அட்டைப்பெட்டி தானே என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். ஜெனீவாவில் 1767இல் சோசூர் என்ற அறிஞர் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வெயிலைப் பிடித்து, தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கும் மேலே கொண்டுபோனார். 1970களில் அரிசோனாவில் பார்பரா கெர், ஷெர்ரி கோல் என்ற இரண்டு பெண்கள் அட்டைப்பெட்டியில் சமைத்துக் காட்டி அக்கம்பக்கத்தாருக்கும் கற்றுக்கொடுத்தார்கள். ஆப்பிரிக்காவில் சாட் நாட்டின் இரிடிமி அகதிகள் முகாமில், பக்கத்து நாடான சூடானின் டார்ஃபுர் பகுதியில் நடந்த போரிலிருந்து உயிர் தப்பி வந்த பெண்கள் அட்டையும் அலுமினியத் தாளும் கொண்டு தாங்களே அடுப்பு செய்து சமைத்தார்கள். விறகு பொறுக்க முகாமை விட்டு வெளியே போவது அவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாக இருந்தது.

நம் ஊரில் 1980களிலிருந்து அரசு மானியத்தோடு விற்ற பெட்டி அடுப்புகள் பல வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. பெரும்பாலும் ரப்பர் பிய்ந்திருக்கும், கண்ணாடியின் ரசம் போயிருக்கும், அவ்வளவுதான். இரண்டையும் சைக்கிள் டியூபும் பீரோ கண்ணாடியும் சரிசெய்துவிடும். கடையில் வாங்கியதை யார் பழுது பார்ப்பது என்று தெரியாமல் ஓரங்கட்டிவிட்டார்கள். கையால் செய்தவருக்கு அந்தத் தயக்கம் இருக்காது. நான் வீட்டில் செய்வதையே வலியுறுத்துவது இதனால்தான்.

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் ஆண்டுதோறும் பளபளவென்று சூரிய அடுப்பு மாதிரிகள் வருகின்றன. அறைக்குள் மேஜை மேல் வைத்து விளக்கம் சொல்லிப் பரிசும் வாங்குகிறார்கள். அதில் ஒரு பிடி அரிசி வெந்ததா என்று நடுவர் கேட்பதில்லை. வெளியே மைதானத்தில் வைத்து, மதியம் மூடியைத் திறந்து காட்டிய பிறகே மதிப்பெண் போட வேண்டும் என்று கல்வித் துறைக்குத் தங்கள் இதழ் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கூடவே, இரண்டடிப் பெட்டிக்கான அளவுகளோடு ஒரு முழுப்பக்கப் படத்தைச் சிறுவர் பகுதியில் வெளியிடுங்கள். பங்குனிக்குள் வந்தால், கோடை விடுமுறையில் பிள்ளைகள் செய்து பார்க்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை,
சாத்தூர்.