பத்தானெஸுக்குக் குழு அழைத்துச் செல்லும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

2025 ஜூன் 8 முதல் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் விசா எடுக்காமலே பிலிப்பைன்ஸைச் சுற்றிப் பார்க்கலாம். மொத்தம் 14 நாள். அதை நீட்டிக்கவும் முடியாது, வேறு விசாவாக மாற்றவும் முடியாது. இந்தச் சலுகையை நம்பி நீங்கள் போடும் திட்டங்களில் பத்தானெஸ் மாகாணத்தைச் சேர்ப்பதானால், தயவுசெய்து அதைப் பயணத்தின் கடைசியில் வைக்காதீர்கள். இந்த மடலை எழுத முதல் காரணமே அதுதான்.

பத்தானெஸ் பிலிப்பைன்ஸின் வடகோடி. மணிலாவைவிடத் தைவான் அதற்குப் பக்கம். பரப்பளவிலும் மக்கள்தொகையிலும் நாட்டின் மிகச் சிறிய மாகாணம் அதுதான். 2020 கணக்கெடுப்பின்படி 18,831 பேர். பத்தான், சப்தாங், இத்பயாத் ஆகிய மூன்று தீவுகளில்தான் ஊர்கள் உண்டு. தலைநகர் பாஸ்கோ, இராயா எரிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது. விமான நிலையமும் அங்கேதான். ஓடுபாதை குட்டையானது, பெரிய ஜெட் விமானங்கள் இறங்க முடியாது. மணிலாவிலிருந்து வருபவை டர்போப்ராப் வகைச் சிறு விமானங்கள். குறுக்குக் காற்று பலமாக அடித்தாலோ மேகம் கீழே இறங்கினாலோ அன்றைய பயணம் ரத்து. அடுத்த விமானத்தில் காலியாக இருப்பது நாலைந்து இடமென்றால், முப்பது பேர் கொண்ட குழு எத்தனை நாள் காத்திருக்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பன்னிரண்டாம் நாள் பாஸ்கோவில் சிக்கிக்கொண்டால் பதினான்காம் நாள் நாட்டைவிட்டு வெளியேற முடியாமல் போகலாம். பிறகு குடிவரவு அலுவலகத்துக்கு அலைச்சல், அபராதம், போன சர்வதேச டிக்கெட்டுக்கு மறு செலவு. அதனால் மணிலாவில் இறங்கிய மறுநாளே பாஸ்கோவுக்குப் போய்விடுங்கள். குறைந்தது நான்கு இரவு அங்கே, அதற்கு மேல் ஒரு நாள் கையிருப்பு. திரும்பி வந்தபின் செபுவும் பொஹோலும் பார்த்துக்கொள்ளலாம். அங்கே ஒரு நாள் குறைந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

மாதத்தையும் பார்த்தே தேதி குறியுங்கள். மார்ச் முதல் மே வரை கடல் ஓரளவு அடங்கியிருக்கும். ஜூலை முதல் அக்டோபர் வரை சூறாவளிகளின் கெடுபிடி. டிசம்பர், ஜனவரியில் சூறாவளி குறைந்தாலும் வடகிழக்குக் காற்றில் கடல் கொந்தளிக்கும், நம்மவர்கள் எதிர்பார்க்காத குளிரும் இருக்கும். நம் பள்ளிகளின் கோடை விடுமுறை அங்கே நல்ல பருவத்தோடு ஒத்துப்போவது அதிர்ஷ்டம். சூறாவளிச் செய்தி தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பிலிப்பைன்ஸ் வானிலைத் துறையான பகாசா ஒவ்வொரு புயலுக்கும் தனிப் பெயர் வைக்கிறது. 2016 செப்டம்பரில் இத்பயாத்தைத் தாக்கிய மெராந்தி அங்கே ஃபெர்டி. 2024இல் வந்த கிரத்தோன் அங்கே ஜூலியன். பன்னாட்டுப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் உள்ளூர் எச்சரிக்கை கண்ணில் படாது.

சப்தாங்குக்குப் படகு பத்தான் தீவின் இவானா துறையிலிருந்து அதிகாலையில் புறப்படுகிறது. படகின் பெயர் ஃபாலுவா. பிலிப்பைன்ஸின் மற்றப் பகுதிப் படகுகளுக்கு இருபுறமும் மூங்கில் மிதவைக் கை நீட்டியிருக்கும். இதற்கு அது கிடையாது. அலைகள் உயரமாக எழும் நீரிணையில் அந்தக் கைகள் முறிந்துவிடும் என்பதால், உருண்ட அடிப்பாகத்தோடு அலைமேல் ஏறி இறங்கும்படி கட்டியிருக்கிறார்கள். அதனால் ஆட்டம் அதிகம். அரை மணி நேரப் பயணம்தான், ஆனாலும் வாந்தி மாத்திரையைப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கடலோரக் காவல்படை வேண்டாமென்றால் படகு போகாது. படகோட்டியிடம் கூடுதல் காசு நீட்டிக் கேட்காதீர்கள். சப்தாங்கை முதல் இரண்டு நாளுக்குள் திட்டத்தில் வையுங்கள். ஒரு நாள் தடைபட்டாலும் மறுமுயற்சிக்கு நாள் இருக்கும்.

சப்தாங்கின் சவிதுக், சவாயான் ஊர்களின் கல்வீடுகள்தான் எல்லா விளம்பரப் படத்திலும் வருகின்றன. ஸ்பானியர் வருகைக்கு முந்தைய பழங்கால வீடுகள் என்று அவற்றை உங்கள் கையேட்டில் எழுதிவிடாதீர்கள், அது தவறு. இத்தீவுகளின் பூர்வகுடிகளான இவாத்தான் மக்கள் அதற்கு முன் வாழ்ந்தவை தாழ்வான புல்வீடுகள். பகை வரும்போது இஜாங் எனப்படும் பாறைக் குன்றுக் கோட்டைகளில் ஏறிக்கொள்வார்கள். 1687இல் ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் வந்தபோது கண்டது அந்த வாழ்க்கையை. 1783இல் பிலிப்பைன்ஸின் ஸ்பானிய ஆளுநர் ஹோசே பாஸ்கோ காலத்தில் ஸ்பெயின் இத்தீவுகளைச் சேர்த்துக்கொண்டது. தலைநகரின் பெயர் அவருடையது. எதிர்த்து நின்ற சப்தாங் தலைவர் அமான் தங்காத்தை 1791இல் தூக்கிலிட்டு, அவருடைய மக்களைப் பத்தான் தீவுக்குக் குடிபெயர்த்தார்கள். கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டும் முறை அந்த ஆட்சியோடு வந்தது. அதை இவாத்தான்கள் தங்கள் காற்றுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டார்கள். அவர்களுடைய மதிநுட்பம் அந்தத் திருத்தத்தில் இருக்கிறது.

சுவர் ஏறக்குறைய ஒரு மீட்டர் தடிமன். பவளப்பாறையைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பில் கல்லை அடுக்கியிருப்பார்கள். வீட்டின் நான்கு சுவர்களில் மூன்றில்தான் சன்னல். பலத்த காற்று அடிக்கும் பக்கத்துச் சுவருக்குச் சன்னலே இராது. கூரை கோகோன் புல்லால் அடுக்கடுக்காக, கனமாக வேய்ந்தது. சூறாவளி வரும்போது அதன்மேல் வலையையோ கயிற்றையோ இழுத்துக் கட்டுவார்கள். இருபக்கச் சரிவுக் கூரை கொண்டது சினதும்பாரான், நாற்புறச் சரிவு கொண்டது மயித்துவாப். சமையலுக்குத் தனிக் கட்டடம். இவானாவில் 1887இல் கட்டிய தகாய் வீடு இன்றும் நிற்கிறது.

இந்த வீடுகள் காற்றுக்காகக் கட்டப்பட்டவை. நிலம் அசைவது வேறு சங்கதி. 2019 ஜூலை 27 விடியற்காலை இத்பயாத்தில் 5.4 அளவில் ஒரு நிலநடுக்கம், மூன்று மணி நேரத்துக்குப் பின் 5.9 அளவில் இன்னொன்று. ஒன்பது பேர் இறந்தார்கள். கம்பி இல்லாத கனத்த கற்சுவர் மேலும் கீழும் அழுத்தம் தாங்கும், பக்கவாட்டு உலுக்கலைத் தாங்காது. மூலைகளில் பிரிந்து வெளிப்பக்கம் சாயும். ஆகவே யாரும் புழங்காத, விரிசல் விட்ட வீட்டுக்குள் படம் எடுக்க ஆட்களை அனுப்பாதீர்கள். ஆள் குடியிருக்கும் வீடானால் கேட்டுவிட்டு நுழையுங்கள். சுவரில் ஏறி உட்காராதீர்கள். கூரைப் புல்லில் ஒரு பிடி உருவினாலும் அந்த இடத்தில் மழை இறங்கும், அதைத் திரும்ப வேய ஊரே கூடி உழைக்க வேண்டும். மொத்த மாகாணத்தையும் பொறுப்புள்ள, மக்கள் பங்கேற்கும் பண்பாட்டு, சூழல் சுற்றுலாப் பகுதியாக 2016இன் 10866ஆம் சட்டம் அறிவித்திருக்கிறது. வந்திறங்கியதும் பதிவு செய்து கட்டணம் கட்டுவதையும், உள்ளூர் வழிகாட்டியை அமர்த்துவதையும் அந்த மரியாதையோடு செய்யுங்கள். இங்கிருந்து கூட்டிப்போகும் நிர்வாகி அவருக்கு மாற்றாக மாட்டார்.

வாக்குல் என்னும் நீண்ட தலைப்போர்வையைப் பெண்கள் வோயாவோய் என்ற பனை வகையின் ஓலை நாரால் செய்து, வெயிலுக்கும் மழைக்கும் அணிகிறார்கள். பயணிகள் அதை மாட்டிப் படமெடுக்கச் சிறு தொகை கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள், பேரம் வேண்டாம். பத்தான் தீவில் மஹதாவ் நகரைச் சேர்ந்த தியூரா ஊரில் மார்ச் முதல் மே வரை மதாவ் எனப்படும் மீனவர்கள் சிறு படகில் போய், பறவைமீனை இரையாக்கி அராயு மீனைத் தூண்டிலில் பிடிக்கிறார்கள். பருவம் தொடங்கும்போது துறையில் ஒரு சடங்கு உண்டு. மீனவர்களாகக் கூப்பிடாமல் அதற்குள் போக வேண்டாம்.

சாப்பாடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், சைவக் குழுக்கள் தடுமாறுவது இங்கேதான். அரிசியும் காய்கறியும் பெருமளவு வெளியிலிருந்து கப்பலிலோ விமானத்திலோ வர வேண்டும். கடல் மோசமானால் கடையில் இருக்காது. தீவில் தாராளமாக விளைவது வள்ளிக்கிழங்கு வகைகளும் சேம்பும் சர்க்கரைவள்ளியும். உவுத் உருண்டை பார்ப்பதற்கு வாழைத்தண்டுப் பண்டம்போல இருக்கும், உள்ளே மீனோ இறைச்சியோ சேர்ந்திருக்கும். உலர்த்திய சேம்புத் தண்டில் செய்யும் வூனெஸ் பன்றி இறைச்சியோடு வேகும். சுப்பாஸ் எனப்படும் மஞ்சள் சோறு நம்மவருக்குப் பிடிக்கும், அதிலும் இறைச்சி உண்டா என்று கேட்ட பிறகே பரிமாறச் சொல்லுங்கள். “சைவம்” என்று பொதுவாகச் சொன்னால் மீன் சாற்றைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். “வாலாங் கார்னே, வாலாங் இஸ்தா, வாலாங் பாதிஸ், வாலாங் பகோவோங்” என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: இறைச்சி, மீன், மீன் சாறு, புளித்த மீன் விழுது எதுவும் வேண்டாம் என்று பொருள். ஒரு வாரம் முன்பே விடுதிக்கு எழுதி அனுப்புங்கள். பருப்பு, புளி, பொடி வகைகளைக் குழுவே எடுத்துப்போவது நல்லது. அசைவக்காரர்கள் தாத்துஸ் எனப்படும் தென்னை நண்டைக் கேட்டால் மறுத்துவிடுங்கள். மிக மெதுவாக வளரும் அந்த உயிர் அருகி வருகிறது.

ரொக்கம் மணிலாவிலேயே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏடிஎம் இருப்பது பாஸ்கோவில், அதுவும் சில. சப்தாங்கில் அட்டையை நம்ப முடியாது. பெரிய பெட்டிகளை மணிலா விடுதியில் வைத்துவிடுங்கள், சிறு விமானத்தில் எடைக் கட்டுப்பாடு கறாரானது. ட்ரோன் பறக்கவிட அனுமதி வாங்குங்கள். எல்லைத் தீவுகள் என்பதால் படைப்பிரிவுகள் இருக்கின்றன.

முப்பது பேர் குழுவை இரண்டாகப் பிரித்து, பதினைந்து பதினைந்தாக வெவ்வேறு நாளில் அனுப்ப முடியுமானால் அப்படியே செய்யுங்கள். விமான இடம், ஃபாலுவா இடம், சவாயானில் ஒரு வேளைச் சோறு எல்லாம் எளிதில் கிடைக்கும். இதனால் பயணக் கட்டணம் கூடும். அந்தத் தொகையையும், வானிலையால் நாள் தள்ளிப்போனால் யார் செலவு என்பதையும் முன்பணம் வாங்கும்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
பத்தானெஸை அறிந்தவர்கள்