பெண்கள் சாஃப்ட்பாலில் 1976-லேயே சம்பளம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்காவின் பெண்கள் சாஃப்ட்பால் (பேஸ்பால் போன்றதே, பந்து மட்டும் பெரிது) லீக் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 2025-இல் நான்கு அணிகளோடு தொடங்கியது, கிம் ஆங் அதன் ஆணையராக இருப்பது, ஆண்களின் பேஸ்பால் நிர்வாகம் அதில் முதலீடு செய்தது எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் நடுவில் ஒரு வரி: 'சாஃப்ட்பால் ஆடுவதற்காகப் பெண்களுக்கு முதன்முறையாகச் சம்பளம்.' அந்த இடத்தில் கையிலிருந்த காபி ஆறிப்போனது. முப்பது வருஷத்துக்கும் மேல் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவள் நான். பேசாமல் இருக்க முடியவில்லை.

1976-லேயே சம்பளம் கொடுத்தார்கள். டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங்கும் சாஃப்ட்பால் வீராங்கனை ஜோன் ஜாய்ஸும் இன்னும் சிலரும் சேர்ந்து தொழில்முறை லீக் ஒன்றைத் தொடங்கினார்கள். பில்லி ஜீன் சிறுமியாக இருந்தபோது சாஃப்ட்பால் ஆடியவர்; அவர் தம்பி ரேண்டி மாஃபிட் பேஸ்பாலில் பந்து வீசிச் சம்பாதித்தவர். ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் யாருக்கு எந்த ஆட்டத்தில் காசு கிடைக்கும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பத்து அணிகள், அணிக்கு 120 ஆட்டம் என்பது முதல் வருஷத் திட்டம். அந்த லீக் நான்கு வருஷம் நடந்தது. நான்கு வருஷமும் கோப்பை ஒரே அணிக்குத்தான் போனது: கனெக்டிகட் ஃபால்கன்ஸ்.

ஃபால்கன்ஸ் திடீரென்று முளைத்த அணி இல்லை. அதே கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்ட்ராட்ஃபோர்டு என்ற ஊரில் ரேபெஸ்டாஸ் என்று வாகன பிரேக் தயாரிக்கிற ஆலை இருந்தது. அந்த ஆலை 1947-இல் ஒரு பெண்கள் அணியை அமைத்து, பிரேக்கை வைத்தே 'பிரேக்கெட்ஸ்' என்று பெயரும் வைத்தது. சம்பளமில்லாத அமெச்சூர் அணி, ஆனால் தேசியப் பட்டங்களை அள்ளிய அணி. 1974-இல் சொந்த ஊரிலேயே அமெரிக்காவுக்காக ஆடி உலகப் பட்டத்தையும் வாங்கியது. (அவர்கள் ஆடிய மைதானத்து மண்ணுக்கடியில் ஆலையின் ஆஸ்பெஸ்டாஸ் கழிவு கிடந்தது பின்னால்தான் வெளியே வந்தது. அது தனிக் கடிதம்.) தொழில்முறை லீக் வந்ததும் பிரேக்கெட்ஸின் வீராங்கனைகள் பலர் ஃபால்கன்ஸுக்கு வந்துவிட்டார்கள். மெரிடன் நகரில் அவர்கள் ஆடிய மைதானத்துக்கு ஃபால்கன் ஃபீல்ட் என்றே பெயர்.

ஜோன் ஜாய்ஸைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். சாஃப்ட்பாலில் அடிப்பவருக்குப் பந்து வீசும்போது தோளுக்கு மேலிருந்து எறியக்கூடாது, கை கீழிருந்து வரவேண்டும். புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் 'வாசல் தெளிக்கிற மாதிரி வீசுடி' என்பேன். கை இடுப்பை உரசி வரும்போது மணிக்கட்டு ஒரு சொடுக்குச் சொடுக்கும் பாருங்கள், பந்தின் வேகமெல்லாம் அங்கேதான். இப்போது எல்லோரும் கையைக் காற்றாடி போல முழு வட்டம் சுற்றி வீசுகிறார்கள். ஜாய்ஸ் வீசியது வேறு தினுசு. உண்டிவில்லின் ரப்பரை இழுப்பதுபோலக் கையைப் பின்னால் மேலே கொண்டுபோய், அதே வழியில் கீழே இறக்கி விட்டுவிடுவார். அப்போது பெண்கள் ஆட்டத்தில் வீசுபவருக்கும் அடிப்பவருக்கும் இடையே 40 அடிதான். பேஸ்பாலில் அது அறுபதரை அடி. பந்து கையை விட்டதும் மட்டையைத் தூக்க யோசித்தால் அவ்வளவுதான்.

1960-களின் தொடக்கத்தில் அவர் பிறந்த ஊரான வாட்டர்பரியில் நன்கொடைக்காக ஒரு ஆட்டம் நடந்தது. எதிரே மட்டையோடு நின்றவர் பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸ். 1941-இல் .406 சராசரி எடுத்தவர், அதாவது பத்துத் தடவை மட்டை பிடித்தால் நான்கு தடவை ஹிட் (பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் ஓடிச்சேர்வது). அதற்குப் பிறகு அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்ற இரண்டு பெரிய பேஸ்பால் லீக்குகளிலும் ஒரு முழு சீசனில் .400-ஐத் தொட்டவர் இல்லை. அவரால் ஜாய்ஸின் பந்தை அடிக்க முடியவில்லை. ஜாய்ஸ் என்றாலே எல்லோரும் சொல்வது இந்தக் கதையைத்தான். இதோ, நானும் சொல்லிவிட்டேன்! ஆனால் அமெச்சூர் ஆட்டங்களில் 753 வெற்றி, 42 தோல்வி என்பதும் அவர் கணக்குத்தான். அதில் 150 ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கிடையாது. அதை யாரும் கதையாகச் சொல்வதில்லை.

லீக் ஏன் நின்றது? வீராங்கனைகளுக்கு சீசனுக்கு 1,000 டாலரிலிருந்து 3,000 டாலர்வரை கொடுத்தார்கள். 1976-இல் ஆண்களின் பேஸ்பாலில் சராசரிச் சம்பளம் 50,000 டாலரைத் தாண்டியிருந்தது. கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் அணிகளை அனுப்பும் செலவு வேறு. நல்ல மைதானம் இல்லை, கையில் பணமும் இல்லை. 1979 சீசனோடு கதை முடிந்தது. இன்னொரு காரணமும் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். வருஷா வருஷம் ஒரே அணி ஜெயித்தால் மற்ற ஊர்க்காரன் எதற்கு டிக்கெட் வாங்குவான்? எங்கள் மாவட்டப் போட்டிகளிலேயே பார்த்திருக்கிறேன். இறுதியாட்டத்துக்கு யார் வருவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், மற்ற பள்ளிகள் அரையிறுதியோடு வேன் ஏறிவிடும்.

அதற்குப் பிறகு 1997-இல் இன்னொரு லீக் வந்து சில வருஷத்தில் அடங்கியது. 2004-இல் வந்தது 2021-இல் மூடியது. சிகாகோ பேண்டிட்ஸ் அணிக்காகப் பெயர்பெற்ற பந்துவீச்சாளர் ஜென்னி ஃபின்ச் ஆடியது அதில்தான். இப்போது 2025. ஒவ்வொரு தடவையும் கடையை இழுத்துச் சாத்திவிட்டு, அடுத்த தடவை 'முதன்முறையாக' என்று போர்டு மாட்டுகிறார்கள். பழைய கணக்கைப் புரட்டிப் பார்த்தால்தானே எங்கே கையைச் சுட்டுக்கொண்டோம் என்று தெரியும்?

ஜாய்ஸ் சும்மா உட்காரவில்லை. முப்பதைத் தாண்டிய பிறகு தொழில்முறை கோல்ஃப் ஆடப் போனார். 1990-களின் நடுவில் புளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தில் சாஃப்ட்பால் அணியை முதலிலிருந்து கட்டி எழுப்பி, 2022 மார்ச்சில் 81 வயதில் சாகும்வரை அதன் பயிற்சியாளராகவே இருந்தார்.

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும். படமும் போடுவதாக இருந்தால் ஃபால்கன்ஸ் உடுப்பில் ஜாய்ஸ் பந்து வீசும் படத்தைப் போடுங்கள். டெட் வில்லியம்ஸோடு நிற்கும் படம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
நாமக்கல்.