ஆறும் சாதா

அன்புள்ள சேது,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. திட்டித் தீர்த்துவிட்டு அப்புறம் இதைப் படி. இங்கே லெஸ்டரில் எல்லோரும் சௌக்கியம். அப்பாவின் முழங்கால் அப்படியேதான்.

என் பால் பைத்தான் (ball python) மலைப்பாம்பின் முட்டைகள் பொரிந்துவிட்டன. ஆறு முட்டை, 32 டிகிரி பெட்டியில் 58 நாள். ராத்திரி 11 மணிக்கு முதல் முட்டையின் தோலைக் கீறிக்கொண்டு ஒரு மூக்கு எட்டிப்பார்த்தது. டார்ச் அடித்து வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று தேடினேன். பழுப்பும் கறுப்பும்தான். மறுநாள் சாயங்காலத்துக்குள் ஆறும் தலை நீட்டின. ஆறும் சாதா! வெள்ளைத் திட்டு விழுந்த 'பைபால்ட்' ஒன்றுகூட இல்லை.

தாயும் தகப்பனும் பார்வைக்குச் சாதாதான். ஆனால் இரண்டுக்குள்ளும் பைபால்ட் மரபணு ஒளிந்திருப்பதாகக் கணக்கு. இரண்டு பேரிடமிருந்தும் அது வந்தால்தான் குட்டிக்கு வெள்ளைத் திட்டு; அப்படியானால் நாலில் ஒன்றுக்கு விழும். ஆறில் ஒன்றாவது வராமலா போகும் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தேன். நீ சிரிப்பது கேட்கிறது. ஒவ்வொரு முட்டைக்கும் தனிச் சீட்டுக்குலுக்கல்தான், தெரியும்டா. முக்காலை ஆறு தரம் பெருக்கினால் 0.178. நூற்றில் 18 தடவை வெறுங்கை. பொன்னுசாமி சார் பரீட்சையில் இதே கணக்கை உன்னைப் பார்த்துத்தானே எழுதினேன்.

சரி, நேரம் சரியில்லை என்று விட்டுவிடலாம். தூக்கத்தைக் கெடுப்பது வேறு. தாய் மேல் சந்தேகமில்லை. அவளுடைய அப்பன் பைபால்ட், நானே பார்த்தேன். ஆணுக்கோ விற்றவரின் வாய்ச்சொல் மட்டும்தான் சாட்சி. அது பொய்யாக இருந்தாலும் இதே ஆறு சாதாக் குட்டிதான் வந்திருக்கும்! இப்போது எதைச் சொல்லி விற்பது? அவர் சொன்னது நிஜம் என்றால் சாதாக் குட்டிகள் மூன்றில் இரண்டு அந்த மரபணுவைச் சுமக்கும். '66 சதவீதம்' என்று எழுதி விலையை ஏற்றலாம். பொய் என்றால் தாய் வழியில் பாதிதான். மல்லிகா யோசிக்கவே இல்லை, "50னே எழுதுங்க" என்றுவிட்டாள். எழுதிவிட்டேன், மனசில்லாமல்.

வரும் குளிர்காலத்தில் இந்த ஆணை ஒரு பைபால்ட் பெண்ணோடு சேர்க்கப்போகிறேன். அப்போது முட்டைக்கு முட்டை சரிபாதி வாய்ப்பு. அவன் நிஜமாகவே சுமக்கிறான் என்றால் ஆறும் சாதாவாக வருவது 64-ல் ஒரு தடவைதான். அப்படி வந்தால் விற்றவரிடம் நேரில் போய்ப் பேசிக்கொள்கிறேன்.

குட்டி ஒன்றுக்கு உன் பேர்தான். கை நீட்டினால் போதும், தலையை உள்ளே புதைத்துப் பந்தாகச் சுருண்டுவிடுகிறது. மாமனார் வந்தால் நீ செய்வாயே, அது மாதிரி.

உன்,
ராஜன்