வைக்கோலுக்கு ஒரு வழி செய்யுங்கள்: மேட்டுநிலச் சோளக்காரன் ஒருவனின் திறந்த மடல்

மேட்டுநிலப் பயிர்ச்செய்கைக்குப் பொறுப்பான மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கடந்த கார்த்திகை நடுப்பகுதியில் எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் தாங்கள் நடத்திய, பயிர்நிலத்தை வைக்கோல் போன்றவற்றால் மூடும் மூடுபடைப் பயிற்சி வகுப்பில் கடைசி வரிசையில் இருந்து கேட்டவர்களுள் நானும் ஒருவன். சோள வரிசைகளுக்கிடையே வைக்கோல் பரப்பினால் களை அடங்கும், மண்ணின் ஈரம் நிற்கும், மழை மேல்மண்ணைக் கழுவிச் செல்லாது என்று தங்கள் உத்தியோகத்தர் கூறிய எதிலும் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் அன்று எங்கள் சோளத்துக்கு வயது ஐந்து வாரம். களை அதன் இடுப்பளவுக்கு நின்றது. விதைத்து மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை களையை அண்டவிடாதிருந்தால்தான் சோளம் ஒழுங்காகக் கதிர் தள்ளும் என்றும் அதே வகுப்பில்தான் சொல்லப்பட்டது. எழுந்து நிற்கும் களையின் மேல் வைக்கோலைப் போடுவது அதற்குப் போர்வை போர்த்துவதாகவே முடியும். தேநீரும் பணிசும் நன்றாக இருந்தன.

வகுப்பு முடிந்த மறுநாளிலிருந்து பதினொரு நாட்கள் என் மனைவியும் அயலிலுள்ள இரண்டு பெண்களும் நானும் ஒன்றரை ஏக்கரில் கையால் களை பிடுங்கினோம். அடைமழையில் எங்கள் செம்மண் மண்வெட்டியில் அப்பிக்கொள்வதால் கொத்த முடியாது. குனிந்து பிடுங்கத்தான் வேண்டும். பிடுங்கிய அறுகை வரம்போரம் எறிந்தால் இரவு மழையில் அது மீண்டும் வேர்விடுகிறது. கோரையை இழுத்தால் தண்டு கையோடு வருகிறது, கிழங்கு மண்ணுக்குள் இருந்துவிடுகிறது. கடைசி வரிசையை முடித்து நிமிர்ந்தபோது முதல் வரிசை பழையபடி பச்சையாகியிருந்தது. விரல் நுனிகள் ஊறி வெடித்திருந்த அந்தப் பெண்களில் ஒருவர், "அண்ணை, நாங்கள் புல்லுப் பிடுங்கேல்லை, பேர்த்து நடுறம்" என்றார். அதைத் தங்கள் பதிவேட்டில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவீர்களோ தெரியாது.

இத்தனைக்கும் வைக்கோல் எங்களுக்கு எட்டாத பொருளன்று. எங்கள் வன்னியின் முத்தையன்கட்டு, வவுனிக்குளம், இரணைமடு போன்ற குளங்களின் கீழ்ச் சிறுபோக நெல் ஆவணியிலும் புரட்டாசியிலும் அறுவடையாகிறது. எங்கள் மானாவாரிச் சோளம் ஐப்பசி மழையோடு விதைக்கப்படுகிறது. இதைவிடப் பொருத்தமான காலம் வாய்க்காது. நெல்லின் எடைக்கு ஏறத்தாழ நிகரான வைக்கோல் வயலிலேயே கிடக்கிறது என்பதால், ஓர் ஏக்கர் வயலின் வைக்கோலைக் கொண்டு ஏறக்குறைய ஓர் ஏக்கர் சோளத்தை மூடிவிடலாம். ஆயினும் அறுவடை இயந்திரம் சிதறிவிட்டுப் போகும் அந்த வைக்கோலுக்கு நெருப்புத்தான் வைக்கப்படுகிறது. புகையை எங்கள் காணியில் நின்றே பார்க்கிறோம். வயற்காரரைக் குறை சொல்ல மாட்டேன். உதிரி வைக்கோலை உழவு இயந்திரப் பெட்டியில் மலைபோல் குவித்தாலும் எடை ஏறாது, ஏற்றுக்கூலியோ ஏறிக்கொண்டே போகும். வைக்கோல் கட்டும் இயந்திரமொன்று சிறுபோக முடிவில் வாடகைக்கு வருமானால் இந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடும். அதையே வகுப்பிலும் கேட்டோம். அதற்கு ஒதுக்கீடு இல்லை என்றீர்கள்.

ஆனால் பிரதான வீதியோரம் பெயர்ப்பலகையோடு நிற்கும் தங்கள் கால் ஏக்கர் மாதிரித் துண்டத்துக்கு வைக்கோல் அலுவலக உழவு இயந்திரத்தில் வந்து இறங்கியதை ஊரே பார்த்தது. அங்கே களை இல்லைதான். எங்கள் காணிகளும் வீதியோரம் இருந்திருக்கலாம்.

2015 இல் கிளைபோசேற் என்னும் களைநாசினியைத் தடை செய்தீர்கள். 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தோடு களைநாசினிகளின் இறக்குமதியையும் நிறுத்தி இயற்கைக்குத் திரும்பச் சொன்னீர்கள். நவம்பரில் மனம் மாறினீர்கள். 2022 இல் கிளைபோசேற்றும் திரும்பி வந்தது. இத்தனை திருப்பங்களிலும் எங்கள் பக்கம் திரும்பாதது ஒரு கட்டு வைக்கோல் மட்டுமே. மன்னிக்க வேண்டும், கொழும்பில் எடுத்த முடிவுகளுக்குத் தங்களைக் கடிந்து பயனில்லை.

மூடுபடை எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நாங்கள் நம்பவுமில்லை. கோரை வைக்கோலைக் குத்திக்கொண்டு மேலே வரும், கறையான் பிடிக்கும், வைக்கோலோடு வயற்களை விதைகளும் வந்து சேரும். தங்கள் கைநூலில் இவை இல்லை, அடுத்த பதிப்பில் சேர்த்தால் நல்லது. வேலிச் சீமைக்கிளுவையை வெட்டிப் போட்டுப் பார்த்தேன். பசளையாக அது நல்லது, ஆனால் இலை விரைவில் உக்கி நிலம் வெளித்துவிடுகிறது. அதன்மேல் வைக்கோலும் வேண்டும்.

ஆகவே தயவுகூர்ந்து கேட்பது இவ்வளவே: பயிற்சி வகுப்பை ஆவணியில் வையுங்கள், வைக்கோல் கட்டும் இயந்திரமொன்றைச் சிறுபோக அறுவடையோடு குளங்களின் கீழ் வாடகைக்கு விடுங்கள். வாடகையைப் பங்கிட்டுத் தரவும், ஏற்றி இறக்கவும் எங்கள் ஊரில் பதினான்கு குடும்பங்கள் ஆயத்தமாக உள்ளன. பெயர்ப் பட்டியலை இரண்டு முறை கையளித்துவிட்டோம்; தொலைந்திருந்தால் மூன்றாவது பிரதியும் தருகிறோம். ஆடி முடிவதற்குள் ஆம் என்றோ இல்லை என்றோ எழுத்தில் ஒரு பதில் தந்தால், விதைப்பதா தரிசாக விடுவதா என்று நாங்களும் தீர்மானித்துக்கொள்வோம்.

இங்ஙனம்,
வன்னி மேட்டுநிலச் சோளச் செய்கையாளருள் ஒருவன்