பிளஸ் ஒன் மனையியல்: வியாழன் செய்முறை, எலுமிச்சை ஸ்குவாஷ்

மாணவிகள் கவனத்துக்கு. ஐந்து பேர் ஒரு குழு. குழுவுக்கு வடிகட்டிய சாறு 250 மி.லி., சர்க்கரை 500 கிராம், தண்ணீர் 240 மி.லி. எவர்சில்வர் பாத்திரம் மட்டும் கொண்டு வரவும். புளிப்பு பட்டால் அலுமினியம் கரையும்.

சர்க்கரையும் தண்ணீரும் ஒரு கொதி வந்ததும் அரை ஸ்பூன் சாறு விடுங்கள். அழுக்கு நுரையாகத் திரளும். வடிகட்டி இறக்கிவிடலாம். கம்பிப் பதம் வரை காய்ச்ச வேண்டாம், இது மைசூர்பாகு இல்லை! பாகு இறுகினால் பாட்டிலின் அடியில் சர்க்கரை படிகமாக உறையும்.

பாகு நன்றாக ஆறிய பிறகுதான் சாறு. சூட்டில் ஊற்றினால் வைட்டமின் சி குறையும், கசப்பும் தட்டும். பழத்தை ஒட்டப் பிழிந்தாலும், விதை நசுங்கினாலும் அதே கசப்புதான்.

ஸ்குவாஷ் கெடாமல் காக்கும் கே.எம்.எஸ். (பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட்) குழுவுக்கு 0.6 கிராம் போதும். நம் தராசு அவ்வளவு நுட்பமாகக் காட்டாது. அதனால் 6 கிராமை 100 மி.லி. கரைசலாக்கி, குழுவுக்கு 10 மி.லி. அளந்து தருவோம். கடைசியாக, ஆறிய ஸ்குவாஷில் கலக்கவும். சூடாக இருந்தால் கே.எம்.எஸ்.ஸிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடு ஆவியாகிப் போய், ஸ்குவாஷ் சில வாரத்தில் புளித்துப் பொங்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் முன்னதாகச் சொல்லிவிடவும்; கரைக்கும் இடத்தில் அவர்கள் நிற்க வேண்டாம். திராட்சைக்கு இதே மருந்தைப் போட்டால் நிறம் வெளுத்துவிடும். அதற்கு சோடியம் பென்சோயேட், அடுத்த வகுப்பில்.

750 மி.லி. கண்ணாடி பாட்டில் ஒன்று: 20 நிமிடம் கொதிநீரில் போட்டு, கவிழ்த்து உலர்த்தி எடுத்து வரவும். கழுத்தில் இரண்டு விரற்கடை இடம் விட்டு நிரப்ப வேண்டும். தேதி எழுதிய லேபிள் இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும்.