இலக்கத்தை எழுதியது யார் கை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அவுஸ்திரேலியத் தேர்தல் முறை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். விருப்பு வாக்கு இருப்பதால்தான் மக்கள் ஆதரவில்லாத சிறு கட்சிகள் மேற்சபைக்குள் புகுந்துவிடுகின்றன, அதை ஒழிக்க வேண்டும் என்பது கட்டுரையாளரின் முடிவு. பல வருடங்களாக மெல்பேர்ணில் வாக்களித்து வருகிறேன். 2022 பொதுத் தேர்தலில் ஒரு வாக்களிப்பு நிலையத்தில் தற்காலிக ஊழியராக இருந்து சீட்டுகளை எண்ணியும் இருக்கிறேன். அந்த முடிவு எனக்கு மனத்தாங்கலாக இருந்தது.

நம்மவர்களுக்கு விருப்பு வாக்கு என்றதும் இலங்கைப் பாராளுமன்றத் தேர்தல்தான் நினைவுக்கு வரும். அங்கே ஒரு கட்சிக்குப் புள்ளடி போட்டுவிட்டு, அதே கட்சியின் பட்டியலில் மூன்று பேர் வரை விருப்பைத் தெரிவிக்கிறோம். ஒரே கட்சிக்காரர்கள் தங்களுக்குள் அடிபடுவது அதனால்தான். இங்கே விருப்பு கட்சி தாண்டிப் போகும். முதலில் இவர், இவர் வராவிட்டால் அவர், அவரும் வராவிட்டால் மற்றவர் என்று 1, 2, 3 என வரிசைப்படுத்துகிறோம்.

மத்திய பாராளுமன்றத்தின் மேற்சபையான செனட்டுக்கு ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் 12 பேர். வழக்கமான தேர்தலில் அவர்களில் பாதி, அதாவது 6 பேர் தெரிவாவார்கள். மொத்தம் நூறு வாக்குகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 வாக்கு எடுத்தவருக்கு ஆசனம் உறுதி. ஆறு பேர் பதினைந்து பதினைந்தாக எடுத்தால் 90 போய்விடும். மிஞ்சிய பத்தை வைத்துக்கொண்டு ஏழாவது ஆள் அவர்களை முந்த முடியாது. இப்போது ஒரு பெரிய கட்சி 34 எடுத்தால் இரண்டு ஆசனம் போக அதன் கையில் மிச்சம் 4. மற்றப் பெரிய கட்சி 32 எடுத்தால் மிச்சம் 2. மீதமுள்ள இரண்டு ஆசனங்களுக்கு இந்த மிச்சங்களோடுதான் சிறு கட்சி மோத வேண்டும். நான்கைந்து வாக்கு வைத்திருக்கும் சிறு கட்சி அந்த இடத்தில் பெரிய கட்சிக்குச் சமம். ஆகக் குறைந்த வாக்கு எடுத்தவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த இலக்கம் உள்ளவருக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். பலர் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ விரும்பிய கட்சி இப்படித்தான் மேலே வருகிறது. இதில் என்ன ஓட்டை இருக்கிறது? எத்தனையோ பேர் மனதில் இரண்டாம் இடம் பிடித்த ஒருவர், ஆறில் ஓர் ஆசனத்தைப் பெறுவது நியாயமே.

பிழை வேறோர் இடத்தில் நுழைந்தது. அதுவும் நல்ல நோக்கத்தோடுதான் நுழைந்தது. ஒரு காலத்தில் செனட் சீட்டில் இருந்த ஒவ்வொரு கட்டத்துக்கும் இலக்கம் எழுத வேண்டும். 1983 தேர்தலில் பத்தில் ஏறக்குறைய ஒரு சீட்டு செல்லாமல் போனது. அதனால் 1984இல் சீட்டின் குறுக்கே தடித்த கோடு ஒன்று வந்தது. கோட்டுக்கு மேலே ஒரு கட்சிக்கு 1 என்று மட்டும் எழுதினால் போதும். மற்ற எல்லா இலக்கங்களையும் அந்தக் கட்சி முன்கூட்டியே பதிந்து கொடுத்த வரிசை நிரப்பிவிடும். பெரும்பாலானோர் அப்படியே செய்தார்கள், நானும் செய்தேன். என் வாக்கு கடைசியில் எவரிடம் போய்ச் சேர்ந்தது என்று அன்று யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

2013இல் மெல்பேர்ண் இருக்கும் இதே விக்டோரியா மாநிலத்தில் கார் ஆர்வலர்களின் சிறு கட்சியிலிருந்து ரிக்கி மியூர் செனட்டரானார். அவருடைய கட்சிக்குக் கிடைத்த முதல் விருப்பு வாக்குகள் 17,122. நூறில் அரை வாக்கு. மீதியில் ஏறக்குறைய எல்லாமே மற்றக் கட்சிகள் பேரம் பேசி எழுதிய இலக்கங்களின் வழியே வந்தவை. அவர் மர ஆலையில் வேலை செய்த சாதாரண மனிதர், அவர் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் 2014 டிசம்பரில் நடந்ததை நம்மில் யாரும் மறக்க முடியாது. படகில் வந்த அகதிகளுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு விசாவை மீண்டும் கொண்டுவரும் சட்டம் செனட்டில் 34க்கு 32 என்று நிறைவேறியது. மியூர் ஆதரித்து வாக்களித்தார். அவர் ஒருவர் மாறியிருந்தால் 33க்கு 33. சமநிலை என்றால் அங்கே சட்டம் தோற்றுப்போகும். தனக்கு அது மிகக் கடினமான முடிவு என்று அவரே சொன்னார். அந்த விசாவில் காத்திருந்தவர்களுக்கு நிரந்தர வதிவிடத்துக்கான வழி 2023இல்தான் திறந்தது. அவர்களில் எத்தனையோ பேர் நம் தமிழ்ப் பிள்ளைகள். அவர்கள் தலையெழுத்தைத் தீர்மானித்த ஒரு வாக்கு, எந்த வாக்காளரும் தன் கையால் எழுதாத இலக்கங்களில் இருந்து பிறந்தது. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

2016இல் செனட்டுக்கு, கட்சிகளே இலக்கம் நிரப்பும் அந்த முறையை ஒழித்தார்கள். இப்போது கோட்டுக்கு மேலே குறைந்தது ஆறு கட்டங்களுக்கு, அல்லது கீழே குறைந்தது பன்னிரண்டு கட்டங்களுக்கு நாமே இலக்கமிட வேண்டும். அத்தோடு சிறியவர்கள் அழிந்துபோனார்களா? 2022இல் தலைநகர்ப் பிரதேசத்தைப் பாருங்கள். அங்கே இரண்டே ஆசனங்கள். 1975 முதல் தொழிற்கட்சிக்கு ஒன்று, லிபரல் கட்சிக்கு ஒன்று என்று மாறாமல் இருந்தவை. முன்னாள் ரக்பி வீரர் டேவிட் போகாக் சுயேச்சையாக நின்றார். முதல் விருப்பில் லிபரலுக்குச் சுமார் 25 சதவீதம், அவருக்குச் சுமார் 21. மற்றவர்களின் சீட்டுகள் நீங்க நீங்க, அவற்றில் மக்கள் தாமே எழுதிய 2களும் 3களும் அவரிடம் வந்து சேர்ந்தன. அவர் வென்றார். இதுவும் விருப்பு வாக்குதான். கட்டுரையாளர் ஒழிக்கச் சொல்வது இதையும் சேர்த்துத்தான்.

விக்டோரியா மாநில மேற்சபையிலோ 2022 தேர்தலிலும் பழைய முறையே இருந்தது. 2018இல் அங்கே மொத்த வாக்கில் 9 சதவீதத்துக்கு மேல் எடுத்த கிரீன்ஸ் கட்சிக்கு 40 ஆசனங்களில் ஒன்றே ஒன்று கிடைத்தது. 4 சதவீதத்துக்கும் குறைவாக எடுத்த ஒரு கட்சிக்கு மூன்று. ஒரு சதவீதம்கூட எடுக்காத கட்சி ஒன்றும் உள்ளே போனது. கிரீன்ஸில் தப்பிப் பிழைத்த அந்த ஒருவர் யார் தெரியுமா? இலங்கையில் பிறந்த நம் தமிழ்ப் பெண், சமந்தா ரத்னம். சிறு கட்சிகளுக்கு உதவத்தான் அந்த முறை என்று சொல்பவர்கள் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டும். பேரத்தில் கெட்டிக்காரர்களுக்கு அது உதவியது. மக்களிடம் உண்மையான ஆதரவு வைத்திருந்த சிறு கட்சியை அது நசுக்கியது.

நான் எண்ணிய இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீழ்ச்சபைச் சீட்டு பச்சை, கைக்கடக்கமானது. செனட் சீட்டு வெள்ளை. விரித்தால் மேசையின் இரு பக்கமும் தொங்கும். மடிப்பைப் பிரித்து, தடவி, கட்சிவாரியாக அடுக்கிக்கொண்டே போனோம். ஆறும் ஒழுங்காக எழுதிய சீட்டுகளுக்கிடையே, பென்சிலால் 1 மட்டும் எழுதி விட்டவை வந்தன. ஒரே ஒரு புள்ளடி மட்டும் போட்டவையும் வந்தன. அவை யாருடையவை என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் அந்தப் புள்ளடியைக் கண்டதும் நெஞ்சு ஒரு கணம் நின்றது. என் அம்மா அப்படித்தான் போடுவார். அதையும் முதல் விருப்பாக ஏற்றுக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அந்தக் கட்சி நீக்கப்பட்டதும் சீட்டு அத்தோடு முடிந்துவிடும். ஆறாவது ஆசனத்துக்கான போட்டியில் அதற்குக் குரல் இல்லை.

அடுத்த தடவை வாக்களிக்கப் போவதற்கு முதல்நாள் இரவு சமையலறை மேசையில் ஒரு தாளில் கட்டங்கள் கீறி அம்மாவிடம் கொடுத்தேன். ஆறையும் எழுதி முடித்துவிட்டு, ஏழாவதும் போடலாமா என்று கேட்டார். எல்லாவற்றையும் போடலாம் அம்மா என்றேன். போட்டார்.

ஐயா, விருப்பு வாக்கை ஒழிக்கச் சொல்லும் கட்டுரைக்கு இரண்டு பக்கம் கொடுத்தீர்கள். அடுத்த தேர்தலுக்கு முன் ஒரு பக்கத்தில் அந்த வெள்ளைச் சீட்டின் மாதிரியைப் போட்டு, எப்படி நிரப்புவது என்று தமிழில் எழுதுங்கள். வயதானவர்கள் கண்ணாடி இல்லாமல் வாசிக்கக்கூடிய எழுத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகி,
மெல்பேர்ண்